ஞாயிறு வர முடியாதவருக்காக எழுதுங்கள்: சபை வார மடல் பற்றி ஒரு பதில்

கேள்வி: சேலத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் வார மடல் தயாரிக்கும் பொறுப்பை ஆயர் ஐயா என்னிடம் கொடுத்திருக்கிறார். அறிவிப்பு, சபைச் செய்தி, அரைப் பக்கத் தியானம் எல்லாவற்றையும் நானே எழுத வேண்டும். வேதசாஸ்திரம் படித்தவள் இல்லை நான். எதைப் போடுவது, எதை விடுவது? வாட்ஸ்அப் குழு இருக்கும்போது காகிதம் எதற்கு என்று வாலிபர் சங்கத்தில் கேட்கிறார்கள். காணிக்கை கொடுத்தவர்கள் பெயரை அச்சிட வேண்டும் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

சகோதரி, இந்த மடல் யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பாதிக் கேள்வி அதிலேயே தீர்ந்துவிடும். ஆராதனைக்கு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அறிவிப்பு காதிலேயே விழுந்துவிடுகிறது. மடல் உண்மையில் தேவைப்படுவது வராதவருக்கு. முழங்கால் வலியால் வீட்டோடு இருக்கும் பாட்டி, ஜங்ஷனில் ஞாயிறு ஷிஃப்ட் பார்க்கும் ரயில்வேக்காரர், பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண், யாரோடோ மனஸ்தாபப்பட்டு மூன்று மாதமாக ஆலயப் பக்கமே வராத குடும்பம் என்று உங்கள் சபையிலும் ஒரு பட்டியல் இருக்கும். அவர்கள் கையில் மடல் போனால், தாங்கள் இல்லாத அந்த ஞாயிறு என்ன நடந்தது, அடுத்த வாரம் என்ன நடக்கும், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்பது புரிய வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

செய்தி எழுதுவது தியானத்தைவிடக் கீழான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ரோமர் 16ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அத்தனை ஆழமான நிருபத்தை (கடிதத்தை) முடிக்கிற இடத்தில் பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். வாசிக்கும்போது நாம் வேகமாகத் தாண்டிப்போகிற பகுதி அது. ஆனால் பல பெயர்களோடு ஒரு காரியம் இருக்கிறது. பெபேயாள் கெங்கிரேயா சபையில் ஊழியம் செய்தவள், அநேகருக்கு ஆதரவாயிருந்தவள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் பவுலுடைய பிராணனுக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தவர்கள். ரூபின் தாய் தனக்கும் தாய் என்கிறார். யார் என்ன பதவியில் இருந்தார்கள் என்ற விவரம் அங்கே குறைவு, என்ன செய்தார்கள் என்பதுதான் நிறைய. நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியுவும் 22ஆம் வசனத்தில் தன் வாழ்த்தைச் சேர்த்துவிடுகிறார். உங்கள் வேலைக்கு அவர்தான் முன்னோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மடலின் முதல் பக்கத்தில் வர வேண்டியவை பெரும்பாலும் நிலையானவை. அந்த ஞாயிறின் பெயர், பொருள், வேத பாடங்கள், சங்கீதம், பாமாலை மற்றும் கீர்த்தனை எண்கள், ஆராதனை நேரம், திருவிருந்து உண்டா இல்லையா. சி.எஸ்.ஐ. சபைகளுக்கு ஞாயிறுதோறும் தலைப்பும் பாடங்களும் குறித்த அட்டவணை இருக்கிறது. ஆயரிடம் ஒரு பிரதி வாங்கி வருடம் முழுவதற்கும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் வரும், அதோடு சாம்பல் புதன், பரமேறுதல், பெந்தெகொஸ்தே எல்லாம் சேர்ந்து நகரும். 2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. இதைக் கவனிக்காமல், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து காலத்தில் ஒரு கொண்டாட்டத்தை அறிவித்துவிட்டு, பெரியவர்கள் சொன்ன பிறகு மாற்றுகிற சபைகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஊர் நாட்காட்டியும் வேண்டும். பல சபைகள் இதை விட்டுவிடுகின்றன. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் டவுன் பகுதியில் போக்குவரத்து மாறும், அம்மாபேட்டையிலிருந்தும் குகையிலிருந்தும் ஆலயத்துக்கு வருகிறவர்களுக்கு அது முன்பே தெரிய வேண்டும். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா என்றால், இருபது கொண்டை ஊசி வளைவுள்ள அந்தப் பாதையில் நெரிசல் தாங்காது, குப்பனூர் வழியாக இறங்கச் சொல்லிவிடுவார்கள். அந்த வாரத்தில் வாலிபர் சங்கத்துக்கு ஏற்காட்டில் ஒருநாள் முகாம் போட்டால் பிள்ளைகள் பாதி நாளை வண்டியிலேயே கழிக்க வேண்டியதுதான். மலைமேல் உள்ள சபைகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் காலம், வார நாள் மாலைக் கூட்டத்துக்கு ஆள் வருவது சிரமம். வீட்டு ஜெபக்கூட்டத்தின் நேரத்தை அதற்கேற்ப மாற்றி, மாற்றியதை மடலில் எடுப்பாகப் போட வேண்டும்.

இனி மக்களைப் பற்றிய செய்தி. மிகுந்த கவனம் வேண்டிய பகுதி இது.

நோயுற்றவர்களுக்கான ஜெபக்குறிப்பை முதலில் பார்ப்போம். பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் தன் உடன் வேலையாளான எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டார் என்று பவுல் எழுதுகிறார். தான் வியாதிப்பட்ட செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று அவர் வியாகுலப்பட்டதையும் அதே இடத்தில் எழுதுகிறார். என்ன வியாதி என்று மட்டும் எழுதவில்லை. நமக்கும் அந்த அளவு போதும். பெயர் போடலாமா என்று அவரையோ வீட்டாரையோ கேளுங்கள். சரி என்றால் பெயர் மட்டும் போடுங்கள். நோயின் பெயர், மருத்துவமனை, வார்டு எண் எதுவும் வேண்டாம். பார்க்கப் போகலாமா என்பதைத் தனியாக ஆயர் சொல்லட்டும். வேண்டாம் என்றால், "சுகவீனமாயிருக்கும் நம் சபையார்" என்ற ஒரு வரியில் அவரும் அடங்கிவிடுவார்.

சில ஜெபக்குறிப்புகளை எழுத்தில் போடவே கூடாது. "இன்ன தம்பதியின் குழந்தை பாக்கியத்துக்காக", "இன்னாருடைய மகன் குடியிலிருந்து விடுதலையாக", "இன்ன சகோதரிக்குத் திருமணம் கைகூட" என்பவை எல்லாம் நல்ல எண்ணத்தில் கொடுக்கப்படுபவைதான். ஆனால் காகிதம் பக்கத்து வீட்டுக்குப் போகும், படம் பிடித்து உறவினர் குழுவுக்கும் போகும். அந்தப் பெண்ணுக்கு அடுத்த கல்யாண வீட்டில் யார் என்ன கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாமியாரோ தாயாரோ பிரியத்தில் கொண்டுவந்து கொடுத்தாலும், சம்பந்தப்பட்டவர் சொல்லாமல் போடாதீர்கள். பிரச்சினை இன்னது என்று எழுதாமல் "குடும்பங்களின் தேவைகளுக்காக" என்று போட்டாலும் ஜெபிக்கிறவர் ஜெபிப்பார்.

மரணச் செய்தியில் நம் சபைகள் கஞ்சத்தனம் காட்டுகின்றன என்பது என் அபிப்பிராயம். "இன்னார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், குடும்பத்தாரின் ஆறுதலுக்காக ஜெபிப்போம்" என்று ஒரே அச்சில் வார்த்த வரி. வாரம் ஒருமுறை வரும் மடல் பெரும்பாலும் அடக்கம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். ஆகவே நேரமும் இடமும் அங்கே முக்கியமில்லை, அவை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போய்விட்டன. மடலில் வர வேண்டியது அந்த மனிதர். குடும்பத்தாரிடம் இரண்டு கேள்வி கேட்டாலே போதும்: சபையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், வீட்டில் எதை அடிக்கடி சொல்வார். பாடகர் குழுவில் கட்டைக் குரலுக்கு அவர்தான் ஆதாரமாக இருந்தார், செவ்வாப்பேட்டைக் கடையை ஞாயிறு திறக்கவே மாட்டேன் என்று கடைசிவரை நின்றார், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு உடை தைத்துக் கொடுத்தார் என்கிற மாதிரி நாலு வரி வந்தால் குடும்பம் அந்தக் காகிதத்தை வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளும். கமிட்டி உறுப்பினர் என்றால் அரைப் பக்கம், ஆலயம் பெருக்கியவர் என்றால் ஒரு வரி என்ற வித்தியாசம் வேண்டாம். இருவருக்கும் அதே நாலு வரி.

பிறந்தநாள், திருமண நாள் பட்டியல் எளிது. வயதைப் போடாதீர்கள், கைபேசி எண்ணையும் போடாதீர்கள். பிள்ளைகளின் படத்தோடு பெயரும் பள்ளியும் சேர்ந்து வெளியே போகக் கூடாது.

காணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். கமிட்டியில் கேட்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். 2 கொரிந்தியர் 8:20, 21இல் பவுலும் அதைத்தான் சொல்கிறார்: தர்மப் பணத்தைக் கையாளும்போது ஒருவரும் குற்றம் சாட்டாதபடி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும். ஆனால் அங்கே அவர் பேசுவது பணத்தை வாங்கிக் கொண்டுபோகிறவர்களின் பொறுப்பைப் பற்றி. கொடுத்தவர்களை வரிசைப்படுத்தச் சொல்லவில்லை. மத்தேயு 6இல் வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று ஆண்டவரே சொன்ன பிறகு, யார் எவ்வளவு என்று அச்சிட்டு விநியோகிப்பது எனக்கு ஒப்பவில்லை. நூறு ரூபாய் கொடுத்த விதவையின் பெயரைப் பத்தாயிரம் கொடுத்தவருக்குக் கீழே போட்டால் இரண்டு பேருக்கும் கெடுதல்.

அதனால் இப்படிச் செய்யலாம். சங்கப்பணம் (சபையார் கட்டும் சந்தா), ஸ்தோத்திரக் காணிக்கை, ஞாயிறு காணிக்கை, கட்டட நிதி என்று தலைப்பு வாரியாக மொத்தத் தொகை போடுங்கள். ரசீது கொடுத்த காணிக்கை என்றால் ரசீது எண்ணும் தொகையும் போதும், கொடுத்தவர் தன் எண்ணைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார். வரவோடு செலவையும் போடுங்கள். மின் கட்டணம், ஆலயப் பணியாளர் சம்பளம், ஏழை மாணவர் உதவி என்று மாதம் ஒருமுறை பொருளாளர் கையெழுத்தோடு வந்தால், பெயர்ப் பட்டியல் கேட்டவர்களில் பாதிப் பேர் திருப்தியாகிவிடுவார்கள். மீதிப் பேருக்கு வேண்டியது பெயர்தான், கணக்கு இல்லை. அவர்களைச் சமாளிப்பது ஆயர் வேலை, உங்கள் வேலை இல்லை.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைபொருட்களின் ஏலம் முடிந்ததும் இன்னொரு வில்லங்கம் வரும். உற்சாகத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்குக் கேட்டுவிட்டு, பிறகு பணம் கட்டத் தாமதிப்பவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அந்தப் பாக்கிப் பட்டியலை மடலில் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அப்படிப் போட்டால் அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் வராது, பணமும் வராது.

திருமண அறிவிப்பை ஓலையாக மூன்று ஞாயிறு வாசிக்கிறோம் அல்லவா, அதை மடலிலும் போடுவது நல்லது. ஆனால் வாசிக்கப்படும் அதே வாசகத்தை எழுத்து மாறாமல் பதிவேட்டைப் பார்த்துப் போடுங்கள். இனிஷியலைக்கூட நினைவிலிருந்து எழுதக் கூடாது.

சொல் வழக்கிலும் ஒரு சிக்கல் வரும். சேலத்தில் லண்டன் மிஷன் சங்கத்தார் 1827இல் பணி தொடங்கினார்கள். ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மரபும் இங்கே தனியாக வளர்ந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது இரண்டும் ஒரே குடையின் கீழ் வந்தன. இதுபோக ரயில்வேக்கும் உருக்காலைக்கும் பள்ளிகளுக்கும் வேலைக்கு வந்த திருநெல்வேலிக் குடும்பங்கள் அசனம் (சபை விருந்து), சேகரம் (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) என்று பேசுவார்கள். ஆயரை ஒருவர் போதகர் என்பார், இன்னொருவர் ஐயர் என்பார். நான்கு ரோடு பக்கம் உள்ள உங்கள் கத்தோலிக்கத் தோழியைக் கேட்டால் பங்குத்தந்தை, அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக்குழு) என்று வேறு சொற்களே வரும். உங்கள் சபையில் அதிகம் பேர் சொல்வது எதுவோ அதை ஒருமுறை தேர்ந்தெடுத்து வருடம் முழுவதும் அதையே எழுதுங்கள்.

நடையைப் பற்றிச் சொல்லும்போது ஏற்காட்டோடு சம்பந்தப்பட்ட ஒருவர் நினைவுக்கு வருகிறார். பீட்டர் பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் மிஷனரியாக இருந்தவர், ஆறுமுக நாவலரின் உதவியோடு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர். பிறகு சென்னைக்கு வந்து 1855இல் தினவர்த்தமானி என்ற வார இதழைத் தொடங்கினார். பின்னால் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் பெயர் பெற்ற சி. வை. தாமோதரம் பிள்ளை அதற்கு ஆசிரியராக இருந்தார். பெர்சிவல் 1882இல் ஏற்காட்டில் இறந்தார். 

பெர்சிவலின் மொழிபெயர்ப்பு புலவர் துணையோடு செய்யப்பட்டது. இருந்தும் சபைகளில் அது ஊன்றவில்லை. 1871இல் மிஷனரி ஹென்றி போவர் தலைமையிலான குழுவினர் கொண்டுவந்த திருத்தம்தான் நிலைத்தது. இன்றும் நம் ஆட்கள் மனப்பாடமாகச் சொல்வது அதைத்தான். ஆகவே வசனத்தை மேற்கோள் காட்டும்போது பாட்டிக்குத் தெரிந்த அந்தப் பழைய வாசகத்தையே போடுங்கள். அதைச் சுற்றி நீங்கள் எழுதுவது மட்டும் சாதாரணத் தமிழில் இருக்கட்டும். "கிருபையாய்", "மகிமையாய்", "வல்லமையாய்" என்று வரிக்கு வரி போட்டு எழுதினால் பக்தியாகத் தெரியும், ஆனால் படிக்கிறவருக்கு என்ன நடந்தது என்றே புரியாது. "பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் மகிமையாய் நடைபெற்றது" என்பதைவிட, "மழையிலும் பெண்கள் வந்தார்கள், கன்னங்குறிச்சியிலிருந்து இரண்டு புதியவர்கள் சேர்ந்தார்கள்" என்பது எவ்வளவோ மேல்.

தியானத்துக்கு வேதசாஸ்திரப் பட்டம் தேவையில்லை, ஆனால் மூன்று கட்டுப்பாடு தேவை. அந்த ஞாயிறின் பாடங்களில் ஒன்றை மட்டும் எடுங்கள். நூற்றைம்பது, இருநூறு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். ஆயரின் பிரசங்கத்தோடு போட்டி போடாதீர்கள், எழுதியதை அவரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். இணையத்தில் சுற்றிவரும் கழுகுக் கதை, கப்பல் கதை, பெயர் தெரியாத ராஜா கதை எதுவும் வேண்டாம். உங்கள் ஊரில் அந்த வாரம் கண்ணில் பட்டதை எடுங்கள். பாடம் யாக்கோபு 5:7 என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டங்கள் இந்த வாரம் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கின்றன. முந்தின வாரம் பெய்த பூ மழைக்காகவே காத்திருந்த மொட்டுகள். பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தோட்டக்காரர் மட்டும் இன்னும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பூ காயாகப் பிடிக்க, சில வாரங்களுக்குள் இன்னொரு மழை வேண்டும். பயிரிடுகிறவன் 'முன்மாரியும் பின்மாரியும் வருமளவும்' நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான் என்கிறார் யாக்கோபு. ஒரு மழையோடு அவன் காத்திருப்பு முடிவதில்லை. போன மாதம் நம் பிள்ளைகள் திடப்படுத்தல் பெற்றார்கள். அன்றைக்குப் பூவும் மாலையும் படமுமாக ஆலயம் நிறைந்திருந்தது. அவர்களில் யார் யார் இந்த ஞாயிறு திருவிருந்துக்கு வந்தார்கள் என்று நாம் கவனித்தோமா? அவர்களுக்காகத் தொடர்ந்து ஜெபிக்க ஒருவர் வேண்டும், வராதபோது விசாரிக்க ஒருவர் வேண்டும்."

இதில் புதிய உபதேசம் ஒன்றும் இல்லை. வசனமும் மலையும், பிள்ளைகளைத் திருவிருந்துக்குச் சேர்க்கும் திடப்படுத்தல் என்ற சபை நிகழ்ச்சியும் ஒன்றாக வருகின்றன, அவ்வளவுதான். கவனியுங்கள், வராத பிள்ளையின் பெயரை நான் சொல்லவில்லை, வருகிறவர்களைத்தான் கேட்கிறேன். தியானத்தில் வராதவர்களைக் குத்திக்காட்டினால், முதலில் சொன்னேனே மனஸ்தாபப்பட்ட குடும்பம், அவர்கள் அன்றோடு மடலையும் படிக்க மாட்டார்கள்.

காகிதமா வாட்ஸ்அப்பா என்று கேட்டால், இரண்டும் வேண்டும். அவசரச் செய்திக்கு வாட்ஸ்அப், வாரச் செய்திக்கு மடல். குழுவில் போட்ட அறிவிப்பு மறுநாளே காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னல் கிடைக்காத இடமும் உண்டு. ஆனாலும் எல்லோருக்கும் காகிதம் தர வேண்டியதில்லை. ஏ4 தாளை மடித்து நாலு பக்கம், எழுத்து பெரிதாக, தேவைப்படும் வீடுகளுக்கு மட்டும் பிரதி எடுங்கள். வாலிபர் சங்கத்தில் கேள்வி கேட்ட பிள்ளைகளிடமே அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். தபாலில் போடாதீர்கள், கையில் கொடுத்துவிட்டு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். அடுத்த வாரச் செய்தியில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக மட்டும் அனுப்பாதீர்கள், எழுத்தாகவும் அனுப்புங்கள். கண் மங்கியவர்களுக்குக் கைபேசியே வாசித்துக் காட்டும். இங்கே ஒரு தொழில்நுட்பத் தொல்லை உண்டு. டிடிபி கடைகள் சிலவற்றில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் அடிக்கிறார்கள். அதை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால் தமிழே வராது, நீங்கள் யுனிகோடில் அடித்ததை அவர்கள் கணினியில் ஒட்டினாலும் குழம்பும். நீங்களே யுனிகோடில் முழுவதையும் தயாரித்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிட்டால் கடையில் அச்செடுக்கிற வேலை மட்டும்தான்.

செய்தி வாங்குவதை வியாழன் மாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளி ஆயர் பார்க்கட்டும், சனி அச்சு. அதற்குப் பிறகு வருகிற அறிவிப்பு யாருடையதாக இருந்தாலும் ஞாயிறு வாயால் சொல்லிக்கொள்ளலாம். பிழை வந்தால் அடுத்த வாரம் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். திருமண ஓலையில் பெயர்ப் பிழை என்றால் மட்டும் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆயரிடம் சொல்லிவிடுங்கள்.